கல்லாப்பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய வில்லைகள்

நம்மவர்களின் பழைய கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருப்பது வழக்கம். செல்லாத காசு, தேய்ந்த சாவி, உடைந்த படிக்கல், வாடிக்கைக்காரர் யாரோ மறந்துவிட்டுப் போன மோதிரம் என்று பல சாமான்கள் அதில் சேர்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே, அரசாங்கத்துக் காசு போலத் தோன்றியும் அரசாங்கத்துக் காசாக இல்லாத சில செப்பு வில்லைகளும் பித்தளை வில்லைகளும் கிடப்பதுண்டு. டோக்கன் என்று இவற்றைச் சொல்கிறோம். இவை எவை, யார் வெளியிட்டவை, எதற்காக வெளியிட்டவை என்று கண்டறியும் முறையைச் சகோதரர்களுக்கு எடுத்துச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எழுதுகிறவன் மதரசாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன். ஆகையால் இதில் பெரிய பாண்டித்தியத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய முதல் சாமான் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

இப்போது ஏன் இதை எழுத வேண்டும் என்று கேட்கலாம். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததிலிருந்து கிந்தா வட்டாரத்து லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. தோட்டத்தை நம்பி நடந்த சில்லறைக் கடைகளும் அவற்றோடு போயின. கடை மூடும்போது கணக்குப் புத்தகம் பழைய பேப்பர்காரனுக்குப் போகிறது. தகர டப்பா பழைய இரும்புக்காரனுக்குப் போகிறது. செப்பு என்றால் கிலோவுக்கு இவ்வளவு, பித்தளை என்றால் இவ்வளவு என்று நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மறுபக்கம், விஷயம் தெரிந்த சில கில்லாடிகள் அதே சாமானை "சுல்தான் காலத்துக் காசு" என்று சொல்லிப் பெரும் விலைக்கு விற்கிறார்கள். முதலாவது நஷ்டம். இரண்டாவது மோசடி. அறியாமை இருக்கிற வரையில் இரண்டும் நடக்கும்.

முதலில் டோக்கன் என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். காசு என்பது அரசாங்கம் கொடுக்கிற வாக்கு. டோக்கன் என்பது ஒரு வியாபாரியோ கம்பெனியோ கொடுக்கிற வாக்கு. சில்லறை கிடைக்காத காலத்தில் கடைக்காரர் தாமே ஒரு வில்லையை அடித்து, "இதைக் கொண்டுவந்தால் இவ்வளவு பெறுமானத்துக்குச் சரக்கோ பணமோ தருகிறேன்" என்று சொல்வதுதான் அது. இங்கிலாந்தில் 1648 முதல் 1672 வரை ரொட்டிக்கடைக்காரரும் துணிக்கடைக்காரரும் சத்திரக்காரரும் தங்கள் பெயரையும் ஊரையும் பொறித்த சிறு வில்லைகளை ஆயிரக்கணக்கான வகையில் வெளியிட்டார்கள். 1672இல் அரசரே அரைப்பென்னியும் கால்பென்னியும் அடித்த பிறகுதான் அது நின்றது. பின்னர் மறுபடியும் சில்லறைப் பஞ்சம் வந்தது. 1787இல் ஆங்கில்ஸி தீவின் பாரிஸ் செப்புச் சுரங்கக் கம்பெனி தன் சொந்தச் செப்பிலேயே பென்னி வில்லை அடித்தது. அதைப் பார்த்துப் பல ஊர்க்காரர்கள் அடித்தார்கள். 1817இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். இந்த வில்லைகளில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பர்மிங்காம் பட்டறைக்காரர்கள். அந்த ஊர்ப் பெயரைக் கவனத்தில் வையுங்கள். நம் பக்கத்துக் கதையிலும் அது வருகிறது.

நம் பக்கம் சில்லறைக்குத் தட்டுப்பாடு இருந்தது என்பதற்கு நம் பேச்சே சாட்சி. "கையில் துட்டு இல்லை" என்று சொல்கிறோமே, அந்தத் துட்டு டச்சுக்காரருடைய டாய்ட் என்ற செப்புக் காசின் பெயர். மலாய்க்காரர்கள் பணத்துக்கே டுயிட் என்று சொல்வதும் அதுதான். 1658இலிருந்து 1781 வரை நாகப்பட்டினம் டச்சுக் கம்பெனியிடம் இருந்தது. மலாக்காவும் ஜாவாவும் அவர்களிடம் இருந்தன. ஒரே செப்புக் காசு சோழமண்டலக் கரையிலும் இந்தத் தீவுகளிலும் புழங்கியதால், ஒரே சொல் இரண்டு பாஷையிலும் தங்கிவிட்டது. நம் முன்னோர் கப்பலில் துணி கொண்டுவந்து இங்கே விற்றபோது கைமாறிய காசு இது. டப்பாவில் டச்சுக் கம்பெனியின் வீ, ஓ, சி என்ற மூன்றெழுத்தும் பின்னிக்கொண்டிருக்கும் தேய்ந்த காசு ஒன்று இருந்தால் அது டோக்கன் அல்ல, துட்டு. அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி நம் விஷயம். 1819இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் கையில் துறைமுகமாயிற்று. சுற்றியுள்ள தீவுகளிலிருந்து மிளகும் ஈயமும் பிரம்பும் வந்து குவிந்தன. பெரிய கணக்குக்கு ஸ்பானிய வெள்ளி இருந்தது. சிறு கணக்குக்குச் செப்பு இல்லை. பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி 1810, 1825, 1828 ஆகிய ஆண்டுகளில் செப்புக் காசு அடித்தது என்றாலும், சிங்கப்பூருக்கென்று கம்பெனி தனிக் காசு அடிக்கவில்லை. இந்த இடைவெளியில் சிங்கப்பூர் வியாபாரிகள் புகுந்தார்கள். பர்மிங்காமுக்கு ஆர்டர் கொடுத்து லட்சக்கணக்கில் சிறு செப்பு வில்லைகளை வரவழைத்தார்கள். அவற்றை ரொக்கமாக மட்டும் கருதவில்லை. கைலி மூட்டையைப் போல, இரும்பு ஆணிப் பெட்டியைப் போல, சரக்காகவே விற்றார்கள். செப்பின் விலையும் அடிப்பு கூலியும் கப்பல் கூலியும் சேர்ந்து, வில்லை செல்லுபடியாகும் விலையைவிடக் குறைவு. வித்தியாசம் லாபம். வாங்கிய மலாய் நாக்கோடாக்களும் பூகிஸ் நாக்கோடாக்களும் சுமத்ராவுக்கும் மற்றத் தீவுகளுக்கும் கொண்டுபோய் மிளகு வாங்கினார்கள்.

இவற்றில் அதிகமாகக் கிடைப்பது சேவல் பொறித்தது. மலாய்க்காரர்கள் டுயிட் ஆயாம் என்பார்கள். ஒரு பக்கம் சேவல், அதனுடன் ஜாவி எழுத்தில் "தானா மெலாயு". மறுபக்கம் "சாத்து கேப்பிங்", கீழே 1247. கேப்பிங் என்றால் துண்டு, வில்லை என்று பொருள். சாத்து கேப்பிங் என்றால் ஒரு வில்லை. இன்று நம் கல்லாவில் இருக்கும் 20 சென் நாணயத்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். மெல்லியது.

சேவலைப் போலவே வேறு பெயர்கள் தாங்கியவையும் உண்டு. புலாவ் பெர்ச்சா, அதாவது சுமத்ரா என்று ஒன்று. நெகிரி சிலாங்கூர் என்று ஒன்று. நெகிரி திரங்கானு என்று ஒன்று. அவற்றின் வரிசையில் நம் மாநிலத்தின் பெயராலும் ஒன்று இருக்கிறது: "நெகிரி பேராக்", "சாத்து கேப்பிங்", ஆண்டு 1251. ஈப்போவிலே யாராவது "சுல்தான் அடித்த பேராக் காசு" என்று காட்டினால் அநேகமாக இதைத்தான் காட்டுவார்கள். படித்துப் பார்த்தால் பேராக் என்றே இருக்கிறது. படித்தவரையில் பொய் இல்லை. ஆனால் இதில் எந்தச் சுல்தானின் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. பேராக்கின் அரண்மனையில் இது அடிக்கப்படவில்லை. சிங்கப்பூர் வியாபாரி, பேராக் ஆற்றங்கரையில் விற்பதற்குத் தோதாக அந்த நாட்டின் பெயரைப் போட்டுப் பர்மிங்காமில் அடித்த சரக்கு இது. பருத்தித் துணியின் மடிப்பில் வாங்குகிற ஊர்க்காரருக்குப் பிடித்த படத்தை ஒட்டி விற்றார்களே, அதே வியாபார புத்திதான்.

இந்த ஒரு வில்லையை வைத்தே முழுப் பாடத்தையும் சொல்லிவிடலாம். வில்லையில் எழுதியிருக்கிற பெயர் வேறு, வில்லைக்குப் பொறுப்பாளி வேறு. பெயரைப் படித்தவுடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாக நினைப்பவர்தான் ஏமாறுகிறார். "இதைத் திருப்பிக் கொண்டுவந்தால் யார் வாங்கிக்கொள்வார்?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நாம் வியாபாரிகள். உண்டியலிலும் பற்றுச் சீட்டிலும் நாம் நாள்தோறும் கேட்கிற கேள்வி இது. சேவல் வில்லையை யாரும் திருப்பி வாங்குவதாக வாக்குக் கொடுக்கவில்லை. அதில் வெளியிட்டவரின் பெயரே கிடையாது. ஜனங்கள் கைமாற்றிக்கொள்ளும் வரையில் செல்லும், அவ்வளவுதான். இங்கிலாந்துக் கடைக்காரர் தம் பெயரையும் தெருவையும் போட்டார். இவர்கள் தம் பெயரை மறைத்து நாட்டின் பெயரைப் போட்டார்கள். இரண்டையும் டோக்கன் என்றுதான் சொல்கிறோம். ஆனால் நாணயம் ஒன்றல்ல!

பெயர் மட்டுமல்ல, ஆண்டும் ஏமாற்றும். கிழக்கிந்தியக் கம்பெனி தன் சுமத்ரா வியாபாரத்துக்காக 1804ஆம் ஆண்டிட்ட செப்புக் காசு அடித்தது. "ஐலண்ட் ஆஃப் சுமத்ரா" என்று ஆங்கிலத்திலும், ஹிஜ்ரி 1219 என்று ஜாவியிலும் அதில் இருக்கும். சுமத்ராவில் அந்தக் காசுக்கு நல்ல பெயர் இருந்தது. பிற்பாடு சிங்கப்பூர் வியாபாரிகள் அதைப் பார்த்து அச்சு எடுத்ததுபோல் ஒன்று அடித்தார்கள். ஆண்டு அதே 1804. சுமத்ரா என்ற இடத்தில் மட்டும் "சுல்தானா" என்று மாற்றினார்கள். சுல்தானா என்று ஒரு தீவு இந்தக் கடலில் எங்கும் இல்லை. ஆங்கிலம் அறியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 1804இல் சிங்கப்பூர்த் துறைமுகமே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆண்டின் யோக்கியதை விளங்கும்.

இந்தத் தனியார் செப்பு டச்சுக்காரர்களுக்குப் பெரும் தொந்தரவாக இருந்தது. தங்கள் துட்டைத் தள்ளிவிட்டு இது ஓடுகிறதே என்று தங்கள் தீவுகளுக்குள் வரவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் விக்டோரியா ராணியின் தலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த சென், அரை சென், கால் சென் ஆகிய செப்புக் காசுகள் 1845ஆம் ஆண்டிட்டு அடிக்கப்பட்டு நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தன. அவை நிலைத்த பிறகு வில்லை வியாபாரம் ஓய்ந்தது.

இப்போது, ஜாவி வில்லையைப் படிக்கும் முறை. நம் மதரசாப் படிப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. ஆங்கிலம் படித்த சேகரிப்பாளர் பலர் படத்தைப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். நாமோ எழுத்தையே படிக்கலாம். அரபுத்தமிழில் நம் முன்னோர் அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்து உண்டாக்கினார்களல்லவா? மலாய்க்காரரும் அப்படியே செய்தார்கள். ஃபே எழுத்தின் மேல் மூன்று புள்ளி இட்டால் அவர்களுக்குப் "ப". அய்னின் மேல் மூன்று புள்ளி இட்டால் "ங". தேய்ந்த வில்லையில் புள்ளிகள்தான் முதலில் அழியும். அதனால் பேராக் என்பது "ஃபேராக்" போலவும், கேப்பிங் என்பதன் கடைசி எழுத்து வெறும் அய்ன் போலவும் தெரியும். தடுமாற வேண்டாம். பேராக்கின் முடிவில் நாம் சாதாரணமாக எதிர்பார்க்கும் காஃப் அல்ல, தொண்டையில் எழும் காஃப் வரும். அதன் வட்டமும் வாலும் தேய்ந்த வில்லையிலும் மிஞ்சியிருக்கும். அதுவே நல்ல அடையாளம்.

இலக்கத்தில் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். அரபி இலக்கத்தில் ஐந்து என்பது சின்ன வட்டம். பூஜ்யம் என்பது புள்ளி. ஒருமுறை ஒரு வாலிபர் நெகிரி பேராக் வில்லையைக் கொண்டுவந்து, ஆண்டு 1201 என்று சாதித்தார். கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்தும் வைத்திருந்தார். ஐந்தைப் பூஜ்யமாகப் படித்து ஐம்பது வருஷத்தை விழுங்கிவிட்டார். அடுத்தது ஏழும் எட்டும். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் மற்றதாகிவிடும். சேவல் வில்லையின் 1247ஐ அப்படிக் கெடுத்துக்கொள்ளாமல், முதலில் எழுத்தைப் படித்து மேல் எது கீழ் எது என்று நிச்சயித்துக்கொண்டு பிறகு இலக்கத்துக்கு வாருங்கள்.

ஹிஜ்ரியை ஆங்கில ஆண்டாக்க, கடைக்காரருக்குத் தகுந்த சுலபமான வழி ஒன்று உண்டு. ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, வந்ததை அதிலிருந்தே கழித்து, மிச்சத்தோடு 622ஐக் கூட்ட வேண்டும். சந்திர வருஷம் சூரிய வருஷத்தைவிடப் பதினொரு நாள் குறைவு என்பதால் ஏறக்குறைய 33 வருஷத்துக்கு ஒரு வருஷம் முந்திக்கொள்கிறது. அதைச் சரிசெய்யவே இந்தக் கழித்தல். 1251ஐ 33ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 38. கழித்தால் 1213. 622 கூட்டினால் 1835. அதேபோல் 1247 என்பது 1831. 1219 என்பது 1804. மேலே சொன்ன கம்பெனிக் காசில் இரண்டு கணக்கும் எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கு முன்பாகக் கையாள வேண்டிய சில காரியங்கள் உண்டு. வில்லையைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்மக்கள் செப்புக் குடத்தைத் துலக்குகிற நினைப்பில் இதையும் துலக்கிவிடுவார்கள். கருமை படிந்த மேல்தோல் போனால் எழுத்தின் ஓரமும் போய்விடும், வாங்குகிறவரும் பாதி விலைதான் கேட்பார். வெறும் தண்ணீரில் நனைத்து மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பதே போதும். பிறகு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். செப்பும் பித்தளையும் ஈயமும் ஒட்டா. ஒட்டினால் அது பிற்காலத்து இரும்புத் தகட்டுக்குப் பூச்சுப் பூசியது. நகைக்கடைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓரத்தையும் பாருங்கள். அச்சில் அடித்த வில்லையின் ஓரம் சுத்தமாக இருக்கும். வார்த்த வில்லையின் ஓரத்தில் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு தெரியும், முகத்தில் ஊசித்துளை போன்ற குமிழிகள் தெரியும். பர்மிங்காம் வில்லை அடித்தது. வார்த்த சேவல் ஒன்று உங்களிடம் வந்தால் அது நேற்றையச் சாமான் என்று வையுங்கள்.

பேராக்கில் ஈய முதலை, ஈயச் சேவல் என்று பழைய வெள்ளீயப் பணங்கள் இருந்தது உண்மை. பீடோர் என்ற நிறையுள்ள ஈயக் கட்டியும் பணமாகப் புழங்கியது. ஈயம் விளையும் பூமியல்லவா. ஆனால் இன்று கடைவீதியில் விற்கிற ஈய முதலைகளில் மிகப் பலவும் புதிதாக வார்த்தவை. பழக்கமில்லாதவர் கை வைக்காமலிருப்பதே நலம். இதற்கு மேல் அதைப்பற்றி நான் சொல்லப்போவதில்லை.

தோட்டத்து வில்லைகளுக்கு வருவோம். "எங்கள் நன்னா தோட்டக்கடை வைத்திருந்தார், தோட்டத்து டோக்கன் ஏதும் இருக்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நீரிணையின் அக்கரையில், சுமத்ராவின் டெலி, அசகான் பகுதிப் புகையிலைத் தோட்டங்கள் சொந்த வில்லைகளை வெளியிட்டது பிரசித்தம். 1880களிலும் 1890களிலும் அவற்றில் தோட்டத்தின் பெயரும், ஒரு டாலர், அரை டாலர் என்ற மதிப்பும் பொறித்திருப்பார்கள். வட போர்னியோவில் லாபுக் பிளான்டிங் கம்பெனியும் வெளியிட்டது. நம் ஜனங்கள் அதிகமாகப் போன இலங்கையிலும் காப்பிக் காலத்தில் கொழும்பு வியாபாரக் கம்பெனிகள் வில்லை அடித்தன. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்தை மில் வில்லை அவற்றில் ஒன்று. காப்பிக்கொட்டை பொறுக்கிய கூலியாட்களுக்குக் கொடுத்தது அது.

இவற்றைக் கையில் எடுக்கும்போது சேகரிப்பாளர் அழகைப் பார்க்கிறார். வியாபாரியும் கூலிக்காரனும் பார்க்க வேண்டியது வேறு. தோட்டத்து வில்லை தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும். வெளியே நடந்துபோனால் அது வெறும் தகடு. சம்பளம் வாங்கியவன் யாரிடம் அரிசி வாங்க வேண்டும், என்ன விலைக்கு வாங்க வேண்டும் என்பதை அந்த வில்லையே தீர்மானித்துவிடுகிறது. இதற்காகவே, சம்பளத்தைச் செல்லுபடியாகும் நாட்டுப் பணத்தில் கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் விதித்தது.

பேராக் லம்பங்களில் இதே கட்டு வேறு உருவத்தில் இருந்தது. முன்பணம் போட்ட தவுக்கே, கூலிகளுக்கு அரிசியும் எண்ணெயும் அபினும் கடனாகக் கொடுத்து, ஈயம் விற்ற பிறகு கணக்குப் பார்ப்பார். வில்லைக்குப் பதிலாக அங்கே கணக்குப் புத்தகம். ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் நடத்திய சில்லறைக் கடைகளிலும் பற்றுப் புத்தகம்தான் டோக்கன். மாதம் முழுதும் பற்று எழுதி, சம்பள நாளில் தோட்ட ஆபீஸ் வாசலில் வசூல். ஆகவே தோட்டக்கடைக் குடும்பத்தார் டப்பாவில் வில்லையைத் தேடுவதைவிட அலமாரியின் மேல்தட்டில் பற்றுப் புத்தகத்தைத் தேடினால் அதிகம் கிடைக்கும். எந்த ஆளுக்கு எந்த மாதம் எவ்வளவு அரிசி, எந்த விலை, எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு விட்டுக்கொடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். இவ்வளவும் எந்தச் செப்பு வில்லையும் சொல்லாது. என் பாட்டனார் புத்தகத்தில் சில பெயர்களுக்கு எதிரே "மவுத்து, தள்ளிவிட்டது" என்று எழுதியிருக்கிறது. அந்த ஆளுடைய பேரப்பிள்ளைகளுக்கு அவர் எந்தக் காலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு வேறு ஆதாரம் இல்லாமலும் இருக்கலாம்.

தோட்டக்கடைச் சாமான்களில் வில்லை என்று தவறாக நினைக்கப்படுபவை சில உண்டு. கழுத்தில் கட்ட ஓட்டை போட்டு, எழுத்தும் எண்ணும் மட்டும் குத்தியிருக்கிற தகரத் தகடு ஒன்று. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, 1900களின் தொடக்கத்திலிருந்து, ஒவ்வொரு கூலிக்கும் தோட்டத்தின் அடையாளம் குத்திய தகட்டைக் கொடுத்துக் கழுத்தில் கட்டச் செய்தார்கள். தகரச் சீட்டு என்று அதற்குப் பெயர். வழிச்செலவைப் பிறகு தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள அது சௌகரியம். இது பணமே அல்ல. ஒரு மனிதரின் விலாசம். இலங்கைக்கும் மலாயாவுக்கும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் வழியாக இது இங்கே வந்துசேர்வதுண்டு. சைக்கிள் லைசன்ஸ் தகடு, நாய் லைசன்ஸ் தகடு ஆகியவையும் அதே வகைக் குழப்பம். அவற்றில் ஆண்டும் எண்ணும் இருக்கும், மதிப்பு இருக்காது. மதிப்பும் இல்லாமல் கடைப்பெயரும் இல்லாமல் இருக்கிற தகட்டை டோக்கன் என்று சொல்ல அவசரப்பட வேண்டாம்.

காகிதத்திலும் ஒன்று உண்டு. ரப்பர் விலை விழுந்ததால் 1922 நவம்பரிலிருந்து 1928 அக்டோபர் வரை ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருந்தது. 1934 ஜூனிலிருந்து மறுபடியும் சர்வதேச ஒப்பந்தத்தின்படி கட்டுப்பாடு வந்தது. சிறுதோட்டக்காரருக்கு இவ்வளவு ரப்பர் விற்கலாம் என்று கூப்பன் கொடுத்தார்கள். கூப்பன் இருந்தால்தான் ரப்பருக்கு விலை. பால் வெட்ட ஆள் இல்லாதவர் கூப்பனையே விற்றுவிடுவார். வாங்குகிறவர் கடைக்காரர். அரசாங்கச் சீட்டு, ஆனால் கடைவீதியில் கைமாறும்போது பணம்! மாநிலப் பெயரும் கட்டி நிறையும் அச்சிட்ட 1941ஆம் ஆண்டுக் கூப்பன்கள் சேகரிப்பாளரிடம் இன்றும் காணக் கிடைக்கின்றன. கணக்குப் புத்தகத்தின் நடுவே அப்படி ஒரு சிறு சீட்டு மடங்கிக் கிடந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இனி, மேலே விசாரிக்கும் வழி. சீன எழுத்துள்ள வில்லை என்றால் பக்கத்துக் கடைச் சீனரிடம், வயதானவரிடம் காட்டுங்கள். அவர் கடையின் சாப்பைப் படித்துச் சொல்லிவிடுவார். ஊர்ப்பெயரும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே சாப்புப் பெயர் பல ஊர்களில் இருக்கும். அச்சுப் புத்தகங்களில் முதன்மையானது பிரிட்மோர் என்பவர் எழுதி 1955இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மியூசியம் வெளியிட்ட நீரிணைக் குடியேற்ற நாணயங்கள் பற்றிய நூல். சேவல் வில்லைகளையும் மாநிலப் பெயர் வில்லைகளையும் அச்சு வேறுபாடு வரையில் பிரித்துக் காட்டியவர் அவர். சரண் சிங் 1986இல் வெளியிட்ட பெரிய தொகுப்பு நூல்தான் இப்போது வியாபாரிகள் எண் குறிப்பிட்டுப் பேசுவதற்கு வழக்கமாகப் பயன்படுத்துவது. ஈயப் பணத்துக்கு வில்லியம் ஷாவும் முகம்மது காசிம் ஹாஜி அலியும் எழுதி 1970இல் தேசிய மியூசியம் வெளியிட்ட சிறு நூல் உண்டு. 1883இல் தொடங்கிய தைப்பிங் மியூசியம் இந்த நாட்டிலேயே பழையது. நம் ஊரிலிருந்து போய்வர அரை நாள் போதும். பழைய சிங்கப்பூர், பினாங்குப் பத்திரிகைகளைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் கம்ப்யூட்டரில் ஏற்றி இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. கடைப்பெயரையோ தோட்டப்பெயரையோ பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில் கொடுத்துத் தேட வேண்டும். பிள்ளைகளை உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். நமக்கு எழுத்தும் கணக்கும் தெரியும், அவர்களுக்கு இயந்திரம் தெரியும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடை டப்பாவில் வழிவழியாக வந்தது குடும்பச் சொத்து. ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போதோ பழைய லம்பக் குட்டையிலோ கிடைத்த பழம்பொருள் அப்படியல்ல. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதை மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். மறைத்து விற்றால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தொல்லை.

கடைசியாக, ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு சிறு காகித உறை போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குச் செப்பு பச்சை பூத்துவிடும். உறையின் மேல் பென்சிலால், நிறை, விட்டம், உலோகம், இரண்டு பக்கமும் படித்தது, ஹிஜ்ரி ஆண்டானால் அதற்குச் சரியான ஆங்கில ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றைவிட முக்கியமாக, எந்தக் கடையிலிருந்து, யார் கைவழியாக, எந்த வருஷம் கிடைத்தது என்று எழுதுங்கள். நிறையையும் எழுத்தையும் இன்னும் நூறு வருஷம் கழித்தும் யாரும் பார்த்துக்கொள்ளலாம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக்கடையில் அரிசிப் பானைக்குள் கிடந்தது என்பது அதைப் பார்த்தவர் எழுதினால்தான் உண்டு. விற்பதானாலும் உறையோடு விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் சேர்த்துக் கொடுங்கள்.